திருவல்லிக்கேணி மெஸ்களும் மேன்ஷன்களும்

சென்னையின் திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதிகளில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களையும் படிப்பவர்களையும் நம்பி நடத்தப்படும் சிறிய சாப்பாட்டுக் கடைகள் மெஸ் எனப்படுகின்றன. அப்படிப்பட்டவர்கள் தங்கும் அறைகளைக் கொண்ட கட்டடங்களுக்கு மேன்ஷன் என்று பெயர். மேன்ஷனில் சமைக்க இடமில்லை. மெஸ்ஸில் படுக்க இடமில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு வீடு ஆகும்.

தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடிச் சென்னைக்குச் சென்றவர்களில் பலருக்கு நகரத்தின் முதல் முகவரி இந்தப் பகுதிதான். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், அரசு சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளம் ஆகிய ஊர்களிலிருந்து போனவர்களும் இதில் அடக்கம். (தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. இங்கே சொல்லப்படுவது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்.) ஊரில் யாருக்காவது மகன் சென்னைக்குப் போகிறான் என்றால், "எங்கே தங்குவான், எங்கே சாப்பிடுவான்" என்ற இரண்டு கேள்விகளுக்கும் "திருவல்லிக்கேணி" என்ற ஒரே சொல் பதிலாக இருந்த காலம் உண்டு.

பெயர்

அல்லி மலர்ந்த கேணி இருந்த இடம் என்பதால் திரு அல்லிக்கேணி. ஆங்கிலேயர் இதை டிரிப்ளிகேன் ஆக்கினார்கள். பேருந்து நடத்துநர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை இரண்டு பெயர்களும் இன்றும் புழங்குகின்றன.

மெஸ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது பந்தியில் வைக்கப்படும் உணவைக் குறித்தது. பிறகு சேர்ந்து உண்பவர்களின் குழுவைக் குறித்தது. படைமுகாம், கல்லூரி விடுதி ஆகியவற்றின் வழியே நமக்கு வந்து சேர்ந்தது. மேன்ஷன் என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கை. ஆங்கிலத்தில் அது மாளிகை. சென்னையில் அது பத்துக்குப் பத்து அறையில் இரண்டு, மூன்று கட்டில்கள் போட்ட இடம். மாளிகை என்று பொருள் எழுதிய மாணவர், திருவல்லிக்கேணிக்குப் போய்ப் பார்த்தால் அகராதியின் மீதே சந்தேகப்படுவார்.

ஏன் திருவல்லிக்கேணி

இது சென்னை நகரத்தைவிடப் பழைய ஊர். பார்த்தசாரதி கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடியுள்ளனர். இக்கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் நிலம் அடகுக்குப் போனதால் இறைவனுக்குப் படைக்கும் சோற்றில் ஒரு பகுதி நின்றுபோயிற்று. ஒருவர் நிலத்தை மீட்டு அதை மீண்டும் நடக்கச் செய்தார் என்பது அதன் செய்தி. இவ்வூரின் மிகப் பழைய எழுத்துச் சான்றே சோற்றுக்கணக்காக அமைந்தது பொருத்தம்தான்.

1676இல் கோல்கொண்டா ஆட்சியாளர்களிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இவ்வூரைக் குத்தகைக்குப் பெற்றது. 1768இல் ஆற்காடு நவாப் வாலாஜா முகமது அலி பக்கத்திலேயே சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். 1795இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. கோயிலைச் சுற்றி அக்கிரகாரத் தெருக்கள், பள்ளிவாசலைச் சுற்றி உருது பேசும் குடும்பங்கள், கடற்கரை ஓரத்தில் மீனவர் குப்பங்கள் என ஊர் விரிந்தது.

இதெல்லாம் பழம்பெருமை. வெளியூர்க்காரர் இங்கே குவிந்ததற்கு உண்மையான காரணம் தூரம். கோட்டையில் தலைமைச் செயலகம், மவுண்ட் ரோட்டில் அலுவலகங்கள், கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் ஆகிய எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம். அல்லது ஒரு பேருந்து போதும். சம்பளத்தில் பேருந்துக் கட்டணம் மிச்சமானால் அது ஒரு வேளைச் சாப்பாடு. கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்த கணிதமேதை இராமானுஜன், 1914இல் இங்கிலாந்து புறப்படுவதற்கு முன் குடியிருந்தது இந்த ஊரில்தான். பாரதியார் 1921இல் காலமானதும் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில். மாதச் சம்பளக்காரர்களின் ஊர் என்பதற்கு இன்னொரு சான்று, 1904இல் இங்கே தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். மளிகைப் பொருளை நியாய விலைக்கு வாங்க நுகர்வோரே சேர்ந்து நடத்திய, இந்தியாவின் முன்னோடிக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் ஒன்று அது.

மேன்ஷன்

முற்றமும் திண்ணையும் வைத்த பழைய வீடுகள் தடுக்கப்பட்டும் இடிக்கப்பட்டும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களாக மாறியபோது மேன்ஷன்கள் பெருகின. நீண்ட நடைபாதை, இருபுறமும் கதவுகள், கோடியில் பொதுக் குளியலறை, கீழே ஒரு மேசையும் பதிவேடும். வாடகை அறைக்கு அல்ல, கட்டிலுக்கு. அறைத் தோழன் யார் என்பது பல சமயம் மேனேஜர் முடிவு செய்வது. அதனால் ஒரே அறையில் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவரும், சினிமாவில் உதவி இயக்குநராக முயல்பவரும் இருப்பார்கள்.

அறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது எல்லா மேன்ஷனுக்கும் பொதுவான விதி. தீ விபத்துக்கான பயம், மின்கட்டணம், எலித் தொல்லை மூன்றும் காரணம். ஆகவே அங்கே தங்கும் ஒவ்வொருவரும் நாளுக்கு மூன்று முறை தெருவில் இறங்கியாக வேண்டும். மெஸ் பிறந்தது இந்த விதியிலிருந்து.

மெஸ் நடக்கும் முறை

ஹோட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் வேறுபாடு சுவையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஹோட்டலில் வருபவர் என்ன கேட்பார் என்று தெரியாது. எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும். மெஸ்ஸில் என்ன சாப்பாடு என்பதைச் சமைப்பவர் முடிவு செய்துவிடுகிறார். எத்தனை பேர் வருவார்கள் என்பதும் ஏறக்குறையத் தெரியும். மீந்து போவது குறைவு. வீணாவது குறைந்தால் விலையும் குறையும்.

பகல் சாப்பாட்டின் அடுக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். இலை, ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம், சோறு, சாம்பார், வத்தக்குழம்பு அல்லது காரக்குழம்பு, ரசம், மோர். இந்த வரிசைக்கும் ஒரு வேலை இருக்கிறது. பருப்பும் காய்கறியும் போட்ட, செலவு அதிகமான சாம்பார் முதலில் வருகிறது. அடுத்தடுத்து வருபவற்றின் செலவு குறைந்துகொண்டே போகிறது. பசி அதிகமாக உள்ளவர் மறுசோறு கேட்பது பெரும்பாலும் ரசத்துக்கும் மோருக்கும்தான். "அளவில்லாச் சாப்பாடு" என்று பலகை வைத்தும் மெஸ்காரர் கடனாளி ஆகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். நாலு கரண்டி அதிகம் சாப்பிடும் இருபது வயதுக்காரரின் செலவை, அரைவயிறு சாப்பிடும் ஐம்பது வயதுக்காரர் தெரியாமலே ஈடுகட்டுவது இன்னொரு காரணம்.

மூன்றாவது காரணம் வேகம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கூடத்தில் 30 பேர் உட்காரலாம், ஒரு பந்திக்கு 20 நிமிடம் ஆகிறது, பகல் சாப்பாடு 12 மணி முதல் 3 மணி வரை என்று கொள்வோம். 9 பந்திகள், 270 பேர். அதே கூடத்தில் ஒவ்வொருவரும் 30 நிமிடம் உட்கார்ந்தால் 6 பந்திகள், 180 பேர்தான். பத்து நிமிடப் பேச்சுக்கு விலை 90 சாப்பாடு. சாப்பிடும்போது பின்னால் ஒருவர் வந்து நிற்பதும், மோர் ஊற்றியவர் "இன்னும் சோறு வேணுமா" என்று ஒரே முறை கேட்டுவிட்டு நகர்வதும் பண்பாட்டுக் குறைவு அல்ல, இந்தக் கணக்கு. அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் போன்ற இடங்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே காத்திருந்து, முறை வரும்போது உள்ளே போகும் வழக்கம் இதனால்தான்.

பணம் கட்டும் முறை இரண்டு. ஒன்று, மாதத் தொடக்கத்தில் டோக்கன் புத்தகம் வாங்குவது. சாப்பிட்ட வேளைக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போன நாட்களுக்கு நட்டமில்லை. மெஸ்காரருக்கு அந்த முன்பணமே அரிசி, பருப்பு வாங்கும் முதல். மற்றொன்று, நோட்டுப் புத்தகத்தில் கணக்கு. மாத முடிவில் சம்பளம் வந்ததும் கொடுக்க வேண்டும். முதல் முறையில் சாப்பிடுபவர் மெஸ்ஸுக்குக் கடன் தருகிறார். இரண்டாவதில் மெஸ் அவருக்குக் கடன் தருகிறது. அடமானமும் கையெழுத்தும் இல்லாத கடன். வேலை இன்னும் கிடைக்காதவருக்கு, அல்லது சம்பளம் தள்ளிப்போனவருக்கு, நகரத்தில் இருப்பதா ஊருக்குத் திரும்புவதா என்பதை முடிவு செய்தது பல சமயம் அந்த நோட்டுதான். கணக்கைத் தீர்க்காமல் மேன்ஷனைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்த நட்டமும் சாப்பாட்டு விலைக்குள் சேர்ந்தே இருக்கும்.

என்னிடம் படித்த ஒருவர் முதல் ஆறு மாதம் பகல் இரண்டரை மணிக்கு மட்டும் சாப்பிட்டதாகச் சொன்னார். அந்த நேரத்தில் சாப்பிட்டால் காலைக்கும் இரவுக்கும் சேர்த்துத் தாங்கும், கடைசிப் பந்தி என்பதால் விரட்டவும் மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அளவில்லாச் சாப்பாடு என்ற ஏற்பாட்டை நம்பி இப்படி வாழ்ந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

அடுப்படியில் சரக்கு மாஸ்டர்தான் தலைவர். அவருக்குக் கீழே உதவியாளர்கள், பரிமாறுபவர்கள், இலை எடுப்பவர்கள். இவர்களும் வெளியூர்க்காரர்களே, முன்பு தென்மாவட்டத்தவர், தஞ்சைப் பக்கத்தவர் அதிகம், இப்போது வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். காய்கறி கோயம்பேட்டிலிருந்தும், அவசரத்துக்கு ஜாம் பஜாரிலிருந்தும் வரும். பொங்கல், தீபாவளிக்கு இவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் மெஸ்கள் சில நாள் மூடப்படும். லீவு கிடைக்காமல் மேன்ஷனிலேயே தங்கிவிட்டவருக்குப் பண்டிகை நாளில்தான் டீயும் பன்னும் வாழைப்பழமும். சென்னையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், வேறு எதை மறந்தாலும் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

யார் யாரோடு உட்காருவது

இன்று பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று யாரும் கேட்பதில்லை. இது தானாக வந்த நிலை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு உணவகங்கள் பல "பிராமணாள் காபி கிளப்", "பிராமணாள் ஹோட்டல்" என்ற பலகையோடுதான் இயங்கின. சில இடங்களில் மற்றவர்களுக்கு அனுமதியே இல்லை. சில இடங்களில் தனி இடம். தாழ்த்தப்பட்ட சமூகத்தினருக்குப் பெரும்பாலான இடங்களில் கதவே திறக்கவில்லை. வெளியூரில் தங்கி வேலை பார்க்க வேண்டிய ஒருவருக்கு இது சுவை பற்றிய பிரச்சினையா? உண்ண இடமில்லாத ஊரில் அவர் எப்படி வேலைக்குப் போவார், எப்படிப் படிப்பார்?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் செல்வதில் சாதி, சமய, பால் வேறுபாட்டால் எவரையும் தடுக்கக் கூடாது என்று கூறியது. கதவு சட்டப்படி திறந்தது. பலகை மட்டும் பல இடங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. 1957இல் பெரியார் அந்தச் சொல்லை நீக்கக் கோரி மறியல் தொடங்கத் தேர்ந்தெடுத்த இடம் திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கபே. மே மாதம் தொடங்கிய மறியல் நாள்தோறும் தொண்டர்கள் வந்து கைதாவதாகப் பல மாதங்கள் நீண்டது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். முடிவில் அந்தச் சொல் பலகையிலிருந்து எடுக்கப்பட்டது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு போராட்டமா என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. எல்லாரையும் உள்ளே விடுகிறோம், பெயர் மட்டும் இருந்தால் என்ன என்பது ஒரு தரப்பு. எல்லாரையும் விடுகிற கடைக்கு அந்தப் பெயர் எதற்கு என்பது மறுதரப்பு. இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்பதே என் கருத்து. மெஸ் வளர வளர, ஒரே பந்தியில் யாரென்று தெரியாத 30 பேர் உட்கார வேண்டிய கட்டாயமும் வளர்ந்தது. சட்டம், போராட்டம், பந்திக் கணக்கு மூன்றும் சேர்ந்து செய்த மாற்றம் இது.

பலகை போனாலும் வாடகைக்கு அறை கேட்கும்போது "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்ற கேள்வி சென்னையில் முற்றாகப் போய்விடவில்லை. குடும்ப வீடுகளில் அது அதிகம். கட்டிலை வாடகைக்கு விடும் மேன்ஷன் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை; அடையாள அட்டையும் முன்பணமும் போதும். தலித் இளைஞர்களும் முஸ்லிம் இளைஞர்களும் நகரத்துக்குள் நுழைய மேன்ஷன் எளிய வழியாக இருந்தது இதனால்தான்.

தெருவில் கிடைப்பவை

மெஸ் அல்லாத கடைகளும் இப்பகுதியில் பல. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள ரத்னா கபே 1948இல் தொடங்கப்பட்டது. இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றித் தருவது இதன் அடையாளம். இதைத் தொடங்கிய குடும்பம் வடஇந்தியாவின் மதுராவிலிருந்து வந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்புறச் சந்தில், முகமது அப்துல்லா சாகிப் தெருவில் உள்ள நாயர் மெஸ் 1961 முதல் இருக்கிறது. கேரள முறை மீன் குழம்புச் சாப்பாடு அங்கே பெயர் பெற்றது. பெரிய தெருவிலும் பள்ளிவாசல் பக்கத்திலும் பிரியாணிக் கடைகள், சமோசாவும் பன் பட்டர் ஜாமும் வைத்த டீக்கடைகள். கோயில் பக்கம் பில்டர் காபி, வெண்பொங்கல். பாரதி சாலை என்று பெயர் மாறிய பைகிராப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடைகள். மதியம் சாப்பிடாமல் அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கியவர்கள் என்றால் அது பெரும்பாலும் இந்தச் சாலையில்தான் நடந்திருக்கும்.

ரமலான் மாதத்தில் வாலாஜா பள்ளிவாசலில் மாலை நோன்பு திறக்க வருபவர்களுக்கு, மயிலாப்பூரில் உள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள் உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் வழக்கம் இது. நோன்பு இருக்கும் மேன்ஷன்வாசிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். 1885இல் தொடங்கிய, மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் கஸ்தூர்பா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. பிரசவத்துக்கு வந்தவர்களின் அம்மாக்களும் கணவன்மார்களும் தூக்குவாளியோடு மெஸ் வாசலில் நிற்பதை நாள்தோறும் பார்க்கலாம்.

பிற நகரங்களில்

பம்பாயில் துணியாலைத் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்ட கானாவளிகள் நம் மெஸ்ஸுக்கு நெருங்கிய உறவு. அவற்றைப் பெரும்பாலும் பெண்கள் தம் வீட்டுச் சமையலறையிலேயே நடத்தினார்கள். மாதத் தொடக்கத்தில் மளிகை வாங்க வட்டிக்குக் கடன் வாங்கி, சம்பள நாளில் வசூலித்து அடைத்தார்கள். ஆலையில் வேலைநிறுத்தம் வந்தால் முதலில் மூழ்குபவர் இவர்தான். 1975இல் பிரேமா புரவ் இவர்களை அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பில் திரட்டி வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். சிங்கப்பூரில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளும் இதே வகை. ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள், பகலில் வணிகம், இரவில் படுக்கை, பொதுச் சமையல்.

இன்றைய நிலை

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என விலை வைக்கப்பட்டது. டோக்கன் தீர்ந்தவர்களுக்கு இது மாற்று வழியானது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது ரயில் இல்லை, பந்தி இல்லை. ஊருக்குப் போக முடியாமல் மேன்ஷனில் சிக்கியவர்கள், கிடைத்த பார்சலையும் அம்மா உணவகத்தையும் நம்பி நாட்களைக் கழித்தார்கள். சமைக்கக் கூடாது என்ற விதி எவ்வளவு கனமானது என்று அப்போது தெரிந்தது.

வேலைவாய்ப்பு பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் நகர்ந்ததால் புதிதாக வருபவர்களில் பலர் வேளச்சேரி, துரைப்பாக்கம் பகுதிகளில், சாப்பாடும் சேர்த்துத் தரும் பிஜி விடுதிகளில் தங்குகிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் சில ஏசி அறை லாட்ஜ்களாக மாறிவிட்டன. உணவுச் செயலிகளின் பை மாட்டிய இளைஞர்கள் மெஸ் வாசலில் நிற்கிறார்கள். அவர்களிலும் மேன்ஷன்வாசிகள் உண்டு. பார்சலுக்குப் பந்திக் கணக்கு கிடையாது. மறுசோறும் கிடையாது.

மேன்ஷன் என்பது தொடக்கம் முதல் ஆண்களுக்கு மட்டும் உரிய ஏற்பாடு. மெஸ்ஸில் இப்போது பெண்களும் தடையின்றிச் சாப்பிடுகிறார்கள்; ஆனால் ஒரு பையோடு வந்து அன்றே கட்டில் பிடிக்கும் வசதி அவர்களுக்கு இருந்ததில்லை. முன்னதாகவே உறவினர் வீடோ, மகளிர் விடுதியில் இடமோ உறுதியானால்தான் வீட்டில் அனுப்புவார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பையனைவிட நன்றாகப் படித்த பெண் நேர்முகத் தேர்வுக்கே போகாமல் நின்றதற்கு இதுவே காரணமாக இருந்தது. தமிழ்நாடு அரசு தோழி என்ற பெயரில் பணிபுரியும் மகளிருக்கான விடுதிகளைத் தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் அண்மை ஆண்டுகளில் திறந்துள்ளது. நாள் வாடகைக்கும் அங்கே இடம் தரப்படுவதால், தேர்வுக்கோ நேர்முகத்துக்கோ வரும் பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

செல்லும் வழி

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாக வரும் பொதிகை, சிலம்பு விரைவு ரயில்கள் சென்னைப் பக்கம் வந்து சேர்ந்ததும், எழும்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ மாநகரப் பேருந்தில் போகலாம். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என இரண்டு நிலையங்கள் உள்ளன. பகல் பந்தி பெரும்பாலான மெஸ்களில் 3 மணியோடு முடிந்துவிடும். ஞாயிறு இரவு பல மெஸ்கள் திறப்பதில்லை.